ஹேண்டில்பார் வளைந்த கதை

வண்டன்மேட்டுக்காரன் சைக்கிளைப் பற்றி எழுதுவது ராமேஸ்வரத்துக்காரன் பனிச்சறுக்கைப் பற்றி எழுதுவது மாதிரி. எங்கள் ஊரில் சமதளம் என்றால் பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான், அதுவும் ஒரு மூலையில் சரிந்துதான் கிடக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம், சுற்றிலும் ஏலக்காடு. ஒரு பக்கம் போனால் புளியன்மலை வழியாகக் கட்டப்பனை, இன்னொரு பக்கம் ஆனக்கரை வழியாகக் குமுளி. எங்கே போனாலும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். மலைக்குக் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் கதையே வேறு. 1895-ல் பெரியாறு அணை திறந்து தண்ணீர் வந்தபிறகு நெல்லும் தென்னையுமாக மாறிய பள்ளத்தாக்கு அது. ரோடு தட்டையாக ஓடும், வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருக்கும். ஆக மேலே ஜீப், கீழே சைக்கிள். இதுதான் எங்கள் பூகோளம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தவர் என் தாய்மாமா. கம்பத்துக்காரர். எண்பதுகளில் தவணைக்குத் துணி விற்றுக்கொண்டிருந்தார். வாங்குகிறவர்கள் எல்லாம் மேலே ஏலத்தோட்ட லயங்களில் இருந்த நம் ஜனங்கள். காலையில் தோட்டவேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் கூரையில் சைக்கிளைப் போட்டுக் கட்டுவார். கம்பம்மெட்டில் இறங்கி, துணிமூட்டையைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சுற்றுவார். சாயங்காலம் சைக்கிளிலேயே மலை இறங்கி வீடு. "ஏறும்போது சைக்கிள் ஜீப்பு மேல, இறங்கும்போது நான் சைக்கிள் மேல, கணக்கு சரியாப் போச்சு மாப்ள" என்பார்.

அந்த சைக்கிளின் ஹேண்டில்பாரை இத்தனை வருஷம் கழித்து ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு யோசிக்க வைத்தது என் இடதுகைச் சுண்டுவிரல். எனக்கு மன்ஹைம் பக்கத்தில் வேலை, நாள் பூரா கீபோர்டு தட்டுகிற வேலை. சனி ஞாயிறு ஆனால் ரைன் ஆற்றங்கரையிலும், கிழக்கே ஓடன்வால்ட் மலைக்காட்டுப் பாதைகளிலும் சைக்கிள். ஐம்பது அறுபது கிலோமீட்டர் தாண்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போகும். ஆரம்பத்தில் ராத்திரிக்குள் சரியாகிவிடும். அப்புறம் திங்கட்கிழமை வரை வந்தது. சுண்டுவிரல் அடிக்க வேண்டிய எழுத்துகள் மட்டும் திரையில் விழாது :-)

டாக்டர் அம்மா உள்ளங்கையை அழுத்திப் பார்த்துவிட்டு விளக்கினார். சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டிய மேட்டுக்கு அடியில் அல்நார் நரம்பு ஒரு குறுகலான சந்து வழியாகப் போகிறதாம். நேரான ஹேண்டில்பாரைப் பிடித்து அதன்மேல் உடம்பின் பாரத்தைச் சாய்த்தால், சரியாக அந்தச் சந்தின் மேல்தான் கம்பி உட்காரும். சைக்கிள்காரர்களுக்கு வருகிற பழைய வியாதி, மருத்துவப் புத்தகங்களில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. சைக்கிளை விடு, இல்லை என்றால் ஹேண்டில்பாரை மாற்று என்றார். விரலை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இது விளையாட்டு இல்லை. சைக்கிளை விடுகிற உத்தேசமும் இல்லை. ஆகவே ஹேண்டில்பார்.

மன்ஹைமில் இருப்பதில் ஒரு வசதி, கதை இந்த ஊரிலேயே ஆரம்பிக்கிறது. 1817 ஜூன் 12-ஆம் தேதி கார்ல் ட்ரைஸ் என்பவர் மரத்தால் செய்த இரண்டு சக்கர வண்டி ஒன்றை இங்கிருந்து ஷ்வெட்ஸிங்கன் போகிற சாலையில் ஓட்டிப்போய்த் திரும்பினார். போக ஏழு, வர ஏழு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள். பெடல் கிடையாது, காலால் தரையை உந்தித்தான் ஓட்ட வேண்டும். 2017-ல் இதன் இருநூறாவது ஆண்டை மன்ஹைமில் பெரிதாகக் கொண்டாடினார்கள்.

அந்த வண்டியின் படத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். முன்சக்கரத்தைத் திருப்புவதற்கு ஒரு தண்டு. அது போக, முழங்கைகளை ஊன்றிக்கொள்ள மெத்தை வைத்த பலகை ஒன்று தனியாக. அதாவது திருப்புகிற வேலை வேறு, உடம்பைத் தாங்குகிற வேலை வேறு என்று ட்ரைஸ் முதல் வண்டியிலேயே பிரித்து வைத்துவிட்டார். பின்னால் வந்தவர்கள்தான் இரண்டு வேலையையும் ஒரே கம்பியின் தலையில் கட்டினார்கள். என் சுண்டுவிரலின் கஷ்டகாலம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கட்சி.

(170 வருஷம் கழித்து அமெரிக்காவில் பூன் லெனன் என்பவர் முழங்கையை ஊன்றி ஓட்டுகிற ஏரோபாரைக் கொண்டுவந்தார், 1987-ல். 1989-ல் கிரெக் லெமாண்ட் கடைசி நாள் பந்தயத்தில் அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸை 8 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். இப்போது கண்டம் விட்டுக் கண்டம் ஓட்டுகிறவர்கள் பலர் அதை வேகத்துக்காக மட்டும் மாட்டுவதில்லை, உள்ளங்கைக்கு ஓய்வு கொடுக்கவும்தான். ட்ரைஸ் பலகையே திரும்பி வந்துவிட்டது.)

1860-களில் பாரிஸில் மிஷோ குடும்பத்தார் முன்சக்கரத்தில் பெடல் வைத்தார்கள். அந்த வண்டியில் ஹேண்டில்பார் நேரான கம்பி. அதை முறுக்கினால் ஒரு கயிறு இழுபட்டு பின்சக்கரத்தில் பிரேக் கட்டை அழுந்தும். ஹேண்டில்பாரும் பிரேக்கும் பிரிக்க முடியாத சொந்தக்காரர்கள் ஆனது அப்போதிலிருந்துதான். அடுத்து வந்த உயரச் சக்கர சைக்கிளில் ஆள் முன்சக்கரத்துக்கு நேர் மேலேயே உட்கார்ந்திருந்ததால் கைமேல் பாரம் அதிகம் இல்லை. பிரச்சினை வேறு மாதிரி வந்தது. கல் தடுக்கினால் ஆள் தலைகுப்புறப் போவார், போகும்போது தொடை ஹேண்டில்பாரில் சிக்கிக்கொள்ளும். அதனால் முழங்காலுக்கு இடம்விட்டுக் கீழே வளைந்த மீசை வடிவக் கம்பிகள் வந்தன. வாட்டன் பார் என்று ஒன்று, பின்னாலிருந்து தொடைக்கு அடியில் வரும். விழுந்தால் கால் முதலில் தரையில் படும் என்று ஏற்பாடு. இந்த உயரச் சக்கரத்திலேயே தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி உலகைச் சுற்றினார். 1886-ல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் கிராண்ட் டிரங்க் ரோட்டிலும் ஓட்டினார்.

1885-ல் இங்கிலாந்தின் காவன்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர் சேஃப்டி'யைக் கொண்டுவந்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயர் வந்தது. ஆள் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே வந்து உட்கார்ந்தார், கை முன்னே நீள வேண்டி வந்தது. கம்பியை எவ்வளவு முன்னே, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. பந்தயக்காரர்கள் ஒரு பக்கம் போனார்கள்: குனிந்தால் காற்று தடுக்காது, ஆகவே கம்பி கீழே வளைந்தது. ஊர்சுற்றுகிறவர்கள் இன்னொரு பக்கம் போனார்கள். லண்டனில் 1885-ல் தொடங்கிய நார்த் ரோடு சைக்கிளிங் கிளப்பின் பெயரில், இரண்டு முனையும் ஆளை நோக்கிப் பின்னால் வளைந்து வருகிற கம்பி பிரபலமாயிற்று. நாம் எல்லோரும் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய சைக்கிளின் ஹேண்டில்பார் அந்த வம்சம்தான்.

அந்த வடிவத்தை இவ்வளவு காலம் காப்பாற்றியதில் சுகத்துக்கு ஒரு பங்கு என்றால் பிரேக்குக்கும் ஒரு பங்கு உண்டு. நம் ஊர் சாதா சைக்கிளை நினைத்துப் பாருங்கள். கைப்பிடிக்கு அடியில் அதற்கு இணையாக இன்னொரு கம்பி ஓடும். அதைச் சேர்த்துப் பிடித்தால் இரும்புக் கம்பிகள் ஒன்றையொன்று இழுத்து, குதிரை லாடம் மாதிரி ஒரு வளையத்தை மேலே தூக்கும், பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் போய் அழுந்தும். கம்பி வளையாது, ஆகவே ஹேண்டில்பாரின் வடிவத்தை மாற்ற முடியாது. ஒரு இஞ்ச் உயர்த்தினால்கூட பிரேக் கம்பியைத் திரும்ப ஒட்டவைக்க வேண்டும். 1896-லேயே எர்னஸ்ட் பவுடன் என்பவர் உறைக்குள் ஓடும் கேபிளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார் (ராலே கம்பெனியை வளர்த்த ஃபிராங்க் பவுடன் வேறு ஆள்). கேபிள் வந்தால் ஹேண்டில்பாரை இஷ்டத்துக்கு வளைக்கலாம். ஐரோப்பாவில் வளைத்தார்கள். நம் ஊரில் கம்பி பிரேக்கே இருந்தது. உடைந்தால் பட்டறைக்காரரே நெளிவெடுத்துக் கொடுத்துவிடுவார், கேபிள் மாதிரி உள்ளே துருப்பிடித்து அறுவதும் இல்லை.

1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலிஸ், பிலிப்ஸ் எல்லாம் நம் வீட்டுப் பெயர்கள் ஆயின. 28 இஞ்ச் சக்கரம், இரும்பு பாடி, ஒற்றைப் பல்சக்கரம், கம்பி பிரேக், பின்னால் வளைந்த கைப்பிடி. ஆங்கிலேயன் தட்டையான நாட்டுப்புற ரோட்டுக்குச் செய்தது தஞ்சாவூருக்கும் கம்பத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. நிமிர்ந்து உட்கார்ந்தால் பாரம் முழுக்க ஸ்பிரிங் சீட்டில். கை சும்மா கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பால்காரர் கேனை மாட்டினார், பள்ளிப் பிள்ளை பையை மாட்டியது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பி ஓட்டினார்கள் என்று சாய்நாத் எழுதியிருக்கிறார். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். கைப்பிடி பின்னால் வளைந்து வருவதால் குழந்தை இரண்டு கைக்கும் நடுவே அணைப்பில் இருக்கும்.

ஆனால் மலைக்கு?

மாமாவைப் போன தடவை ஊருக்குப் போனபோது விசாரித்தேன். மேலே தோட்டத்து மண்பாதையில் அந்த ஹேண்டில்பார் சுகமா என்றால், சுகம்தான். கை வலித்ததே இல்லை. கிரிப் கிழிந்துபோனால் பழைய டியூபை வெட்டிச் சுற்றிக்கொள்வார், அவ்வளவுதான். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. கைப்பிடியின் முனை முழங்காலில் இடிக்கும். அதனால் ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவார். இறக்கம்தான் வினை. நிமிர்ந்த உட்காரலில் முன்சக்கரத்தின் மேல் பாரமே இருக்காது. கொண்டை ஊசி வளைவில் திருப்பும்போது ஒரு கை வயிற்றுக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் ஈரமான இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும், எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பத்தடி தள்ளித்தான் பிடிக்கும். ஒரு ஆடி மாதம் மூட்டையோடு ஓடையில் போய் இறங்கியிருக்கிறார். அத்தையின் வார்த்தையில் "சீலையெல்லாம் தப்பிச்சிருச்சு, இவருக்குத்தான் தோள்பட்டை போச்சு". அதிலிருந்து மழை பெய்தால் வளைவுக்கு வளைவு இறங்கித் தள்ளுவது என்று வைத்துக்கொண்டாராம். அவருக்கு மணிக்கட்டில் இன்றுவரை ஒன்றும் இல்லை. வலது தோள் மட்டும் முழுசாக உயராது.

இதில்தான் விஷயமே இருக்கிறது. கைக்குச் சுகமான வளைவும், மலையில் வண்டியை அடக்குகிற பிடியும் ஒரே கம்பியில் கிடைக்கவில்லை. மலை ஓட்டத்துக்கு என்று ஹேண்டில்பார் செய்தவர்கள் பிடியை எடுத்துக்கொண்டு சுகத்தை விட்டார்கள்.

அது நடந்தது கலிபோர்னியாவில், மரின் கவுண்டி என்ற இடத்தில். எழுபதுகளில் சில இளைஞர்கள் 1930-களின் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடி எடுத்து மலைப்பாதையில் உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். 1976 அக்டோபர் 21-ல் 'ரீபேக்' என்ற முதல் பந்தயம். பின்சக்கர ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடாகி கிரீஸ் முழுக்க உருகி ஆவியாகிவிடுமாம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். அவர்கள் மாட்டியது மோட்டார்சைக்கிள் பாணி அகலமான ஹேண்டில்பாரும், மோட்டார்சைக்கிள் பிரேக் லீவரும். அகலமான கம்பி நெம்புகோல் மாதிரி, கல்லில் சக்கரம் திரும்பப் பார்த்தால் சுலபமாக அடக்கலாம். 1977-ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புது பாடி செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. அதுவரைக்கும் ஹேண்டில்பார் கொஞ்சம் பின்னால் வளைந்துதான் இருந்தது.

அப்புறம் பந்தயம் பெரிதாயிற்று. 1990-ல் உலக சாம்பியன்ஷிப், 1996-ல் அட்லான்டா ஒலிம்பிக்ஸ். ஏற்றத்தில் ஜெயிக்க வேண்டும் என்று குனிந்தார்கள். ஸ்டெம் நீண்டது, கம்பி நேரானது, 56-58 சென்டிமீட்டருக்குக் குறுகியது. கடையில் வாங்குகிறவனுக்கும் அதையே கொடுத்தார்கள். நம் ஊரிலும் தொண்ணூறுகளில் ரேஞ்சர் வகை சைக்கிள்கள் வந்தபோது வளைந்த ஹேண்டில் 'தாத்தா சைக்கிள்' ஆகிவிட்டது. கியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நேர்க்கம்பி வேண்டும். கம்பத்தில் என் வயசுப் பையன்கள் அதற்காகப் பட்டினி கிடந்து அடம்பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். என் மரத்த சுண்டுவிரல் இந்தப் பரம்பரையைச் சேர்ந்த கம்பியில் வந்ததுதான்.

பிரான்சில் மட்டும் நெடுந்தூரக்காரர்கள் தனி வழி போனார்கள். செயின்ட் எட்டியென்னில் பால் தெ விவி (புனைபெயர் வெலோசியோ, 1930-ல் இறந்தார்) மலை ஏற கியர் வேண்டும், பயணத்துக்குப் பந்தய விதி ஆகாது என்று வாழ்நாள் பூராவும் எழுதினார். அந்த மரபில் வந்தது ராண்டனர் பார். பந்தயக் கம்பி மாதிரி கீழே வளைந்தாலும், தோள் கொஞ்சம் உயர்ந்து, முனை வெளியே விரியும். கை வைக்க நான்கைந்து இடம் கிடைக்கும். இப்போது கிராவல் சைக்கிளில் வரும் விரிந்த டிராப் பார் அதன் பேத்தி. நல்ல தார் ரோட்டில் 200, 300 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் அதைவிட மேலானது இல்லை என்றே நினைக்கிறேன். கல்லும் சேறுமான இறக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பயம்.

ரைன் கரையில் ஓய்வுபெற்ற ஜோடிகள் பட்டாம்பூச்சி வடிவ ஹேண்டில்பாரில் போவதைப் பார்க்கலாம். கை மாற்றி மாற்றி வைக்க அருமையான ஏற்பாடு. ஆனால் பிரேக் உள்பக்கக் கம்பியில் இருக்கும், கை வெளிப்பக்கத்தில் இருக்கும். ஆற்றங்கரைக்குச் சரி, கம்பம்மெட்டுக்கு ஆகாது.

இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. இரண்டு கையிலும் ஒரு பேனாவை இறுக்காமல் பிடித்து, கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிற மாதிரி முன்னே தூக்குங்கள். பேனாக்கள் ஒரே நேர்கோட்டில் இருக்காது. இரண்டும் வெளிமுனை நம்மை நோக்கிச் சாய்ந்து, கூரை மாதிரி நிற்கும். அந்தச் சாய்வுதான் உங்கள் மணிக்கட்டு கேட்கிற வளைவு. எனக்கு 35, 40 டிகிரி வந்தது. சாதாரண மலைச் சைக்கிள் கம்பியில் பின்வளைவு 5 முதல் 9 டிகிரிதான். மாமாவின் ஹேண்டில்பாரில் கைப்பிடி கிட்டத்தட்ட வண்டிக்கு இணையாகவே திரும்பியிருக்கும். எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில்.

அது கிடைக்கிறது. அமெரிக்காவில் ஜெஃப் ஜோன்ஸ் என்பவர் 45 டிகிரி பின்வளைவோடு, ஆனால் அகலமாக, காட்டுப்பாதைக்கென்றே ஒரு கம்பி செய்தார். அதைப் பார்த்தும் பார்க்காமலும் இன்று பல கம்பெனிகள் 30 முதல் 45 டிகிரி வரை விற்கின்றன. நேர்க்கம்பியும் இப்போது 74-80 சென்டிமீட்டர் அகலத்துக்கு வந்துவிட்டது, மரின் பையன்களின் பிடி திரும்பக் கிடைத்துவிட்டது. நார்த் ரோடு வளைவில் பாதியும் மரின் அகலமும் சேர்ந்தால் எப்படி இருக்குமோ அதுதான் நான் மாட்டியிருப்பது. நாலு மாதம் ஆகிறது, எண்பது கிலோமீட்டர் போனாலும் சுண்டுவிரல் விழித்தே இருக்கிறது.

மாற்ற நினைக்கிறவர்களுக்கு அளவு விவரம். பின்னால் வளைந்த கம்பி கையை உடம்பை நோக்கிக் கொண்டுவரும். பழைய ஸ்டெம்மோடு அப்படியே மாட்டினால் முழங்கால் இடிக்கும், முன்சக்கரம் லேசாகிவிடும். எனக்கு 4 சென்டிமீட்டர் நீளமான ஸ்டெம் தேவைப்பட்டது. கைப்பிடி உயரம் சீட்டு மட்டத்துக்குச் சமமாகவோ ஒரு விரற்கடை மேலாகவோ இருக்கலாம், அதற்கு மேல் போனால் மாமாவின் கொண்டை ஊசிப் பிரச்சினை வந்துவிடும். கைப்பிடிப் பகுதியின் குறுக்களவு 22.2 மில்லிமீட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் மலைச் சைக்கிளின் பிரேக்கும் கியரும் அப்படியே ஏறும். டிராப் பார் 23.8, அதில் ஏறாது. நடுவில் பிடிக்கிற இடம் 25.4-ஆ 31.8-ஆ என்று ஸ்டெம்மைப் பார்த்து வாங்க வேண்டும். பிரேக் லீவரை, கை வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து ஒரு விரல் நீட்டினால் எட்டுகிற மாதிரி உள்ளே தள்ளி வையுங்கள். இறக்கத்தில் கை இடம் மாறக் கூடாது.

கம்பத்திலேயே பழைய ஹேண்டில்பார் கிடைக்குமே, எதற்கு ஜெர்மனியில் யூரோ கொடுத்து வாங்குகிறாய் என்று மாமா கேட்டார். கடைத்தெருவில் போய்ப் பார்த்தேன், கூரையிலிருந்து கொத்தாகத் தொங்குகின்றன. எல்லாம் ஸ்டெம்மும் கம்பியும் சேர்த்தே பற்றவைத்தது, கம்பி பிரேக்குக்கு உண்டான கொக்கியோடு. இன்றைய மலைச் சைக்கிளில் அது ஏறாது.